கலம் கரையும் விளக்கு

மாமல்லபுரத்துக் குன்றின்மீது நிற்கும் கலங்கரை விளக்கத்தின் வாயிலில், நுழைவுச் சீட்டுடன் காத்திருப்போரிடம் “எதற்காக ஏறுகிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “மேலே இருந்து பார்ப்பதற்கு” என்ற விடையே வரும். அவ்விடையில் குறை ஒன்றுமில்லை. சுழன்று செல்லும் படிகளில் ஏறி, குறுகிய வாயில் வழியே வெளியே வந்து நின்றால், கிழக்கே கடற்கரைக் கோயிலும் அதற்கப்பால் வங்கக் கடலும், தெற்கே ஐந்து இரதங்களும், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் பனைமரங்களும் கண்முன் விரிகின்றன. களைத்த கால்களுக்கும் உள்ளத்துக்கும் அக்காட்சி ஆறுதல் தருகிறது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அக்கோபுரத்தை எழுப்பியவர்கள், அதன் உச்சியில் நின்று யாரேனும் ஊரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அதை எழுப்பவில்லை. நள்ளிரவில், கரை தெரியாத கடலில், படகிலோ கப்பலிலோ இருக்கும் ஒருவன் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுப்பினார்கள். ஆகவே ஒரே கோபுரத்தில் இரு வகை உயரங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, நாம் பார்ப்பதற்கு உதவும் உயரம். மற்றொன்று, பிறர் நம்மைப் பார்ப்பதற்கு உதவும் உயரம். கல்வியாலோ செல்வத்தாலோ பதவியாலோ வயதாலோ சற்றே உயரத்தில் வைக்கப்பட்டிருக்கும் ஒவ்வொருவரும், தமக்குக் கிடைத்த உயரம் எதற்காக என்று தம்மைக் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். அக்கேள்விக்கு இந்தக் குன்று என்ன விடை தருகிறது என்று காண்போம்.

குன்றும் அதன் விளக்குகளும்

இன்று நாம் காணும் கருங்கற் கோபுரம் 1904ஆம் ஆண்டு முதல் செயற்பட்டு வருகிறது. அதற்கு முன்பே, 1887இல், கப்பல்களுக்கென இக்குன்றில் ஆங்கிலேயர் விளக்கு அமைத்தனர். கோபுரத்துக்கு அருகிலேயே, மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பல்லவர் காலத்துக் கற்கோயில் ஒன்று இருக்கிறது. ஒலக்கணேசுவரர் கோயில் என்று அழைக்கப்படும் அதன் உச்சியும் ஒரு காலத்தில் விளக்கேற்றும் இடமாகப் பயன்பட்டது. இறைவனுக்கென்று எழுப்பிய இடம் வழி தவறிய மாலுமிக்கும் உதவியது என்பது சிந்திக்கத்தக்கது. அத்தகைய உதவியால் ஒரு வழிபாட்டிடம் தன் புனிதத்தை இழந்துவிடுவதில்லை.

இக்கரையில் விளக்கேற்றும் மரபு பல்லவர்க்கும் முற்பட்டது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைப் பற்றிக் கூறுகிறது. ஏணி சாத்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடம் ஒன்று அங்கிருந்ததையும், இரவில் அதன்மேல் ஏற்றிய தீயினால் கடலில் ஓடும் கலங்கள் துறையை அறிந்ததையும் அந்நூலில் காண்கிறோம். அந்த நீர்ப்பெயற்றே இன்றைய மாமல்லபுரம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

நாம் வழங்கும் ‘கலங்கரை விளக்கம்’ என்னும் சொல் சிலப்பதிகாரத்திலேயே வந்துவிட்டது. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல்; காகம் கரைகிறது என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? எனவே கலங்கரை விளக்கம் என்பது கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு. நம் முன்னோர் அதைக் காட்சிக்கூடம் என்றோ காவற்கோபுரம் என்றோ எண்ணவில்லை. இருட்டில் நிற்கும் ஒருவனை நோக்கி, “இங்கே கரை இருக்கிறது” என்று கூவும் குரலாகவே எண்ணினார்கள். உயரத்தின் பயனை அவர்கள் அழைப்பில் கண்டார்கள்.

உயரம் தரும் மயக்கம்

மேலிருந்து பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு என்றோம். அதில் ஒரு மயக்கமும் உண்டு. குன்றின் கீழே, அருச்சுனன் தவம் என்று பலரும் அழைக்கும் பெரும்பாறைச் சிற்பம் இருக்கிறது. அதன் அருகே நின்று பார்த்தால், யானைகளின் காலடியில் தவம் செய்வதுபோல் நிற்கும் பூனையையும், அதை நம்பிச் சூழ்ந்து நிற்கும் எலிகளையும் கண்டு நமக்குச் சிரிப்பு வரும். பக்கத்தில் ஒரு மான் பின்னங்காலால் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. சிற்பி எத்தனை அன்போடு அந்த மானைப் பார்த்திருக்க வேண்டும்! கோபுரத்தின் உச்சிக்குச் சென்றால் பூனையும் இல்லை, மானும் இல்லை. ஊரெங்கும் ஒலிக்கும் சிற்பிகளின் உளியோசை அங்கே தேய்ந்துபோகிறது. கடலில் வலை இழுக்கும் மீனவன் ஒரு புள்ளி. அவன் முகத்தில் களைப்பா மகிழ்ச்சியா என்பது தெரியாது.

உயரம் நமக்குப் பரப்பைத் தருகிறது. அதற்கு விலையாக முகங்களை எடுத்துக்கொள்கிறது. இந்தப் பண்டமாற்றை உணராமல், “எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்” என்று ஒருவன் சொல்லத் தொடங்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. பார்த்ததெல்லாம் தனக்கு உரியது என்று எண்ணுவது அதற்கு அடுத்த படி.

செங்கற்பட்டு மறைமாவட்டத்தில் உள்ள புனித தோமையார் மலையை நாம் அறிவோம். அதன் அடிவாரத்தில், 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி பெரும்பாக்கத்தை நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டிலிருந்து தொடர்ந்த அளவைப் பணி, குன்றுகளிலும் கோயிற் கோபுரங்களிலும் கருவிகளை ஏற்றி இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்தது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் கணிக்கப்பட்டதும் அப்பணியின் தொடர்ச்சியாகவே. அறிவியலுக்கு அது ஒரு பெருங்கொடை. அதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் அந்த வரைபடங்கள் முதலில் யார் கையில் சேர்ந்தன? நிலத்தை அளந்தவர்களே நிலத்தை ஆண்டார்கள். மிக உயர்ந்த ஒரு மலைக்கு இயேசுவை அழைத்துச்சென்று, உலக அரசுகள் அனைத்தையும் காட்டி, “இவற்றை உனக்குத் தருவேன்” என்ற சோதனைக்காரனை மத்தேயு நற்செய்தியில் காண்கிறோம். சமவெளியில் நின்றுகொண்டு அவன் அப்படிக் கேட்டிருக்க முடியாது. அச்சோதனைக்கு ஒரு மலை தேவைப்பட்டது.

மேலிருந்து காண்பதும் தேவையே

அப்படியானால் உயரமே தீயது என்று முடிவு கட்டலாமா? கூடாது. இக்கரையில் வாழ்வோர் அப்படிச் சொல்ல முடியாது.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமை காலை, மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியது. நீருக்கடியில் இருந்த பாறைகள் வெளியே தெரிந்தன. பின்னர் அலை வந்தது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் அன்று உயிரிழந்தனர். கரையில் நின்றவர்களுக்குக் கடலை நன்றாகத் தெரியும். தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஆயினும் சுமத்திராவுக்கு அருகில் கடலடியில் நிலம் பிளந்ததை அவர்கள் அறிய வழியில்லை. அதைத் தொலைவிலிருந்து கண்டு கூவிச் சொல்ல அந்நாளில் நமக்கு ஓர் அமைப்பு இல்லை. 2007இல்தான் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. அதுவும் ஒரு வகைக் கலங்கரை விளக்கமே. ஆகவே, கீழே இருப்பவர் காண முடியாததை மேலிருந்து காண்பதும் ஓர் அறம்; கண்டதைக் கீழே சேர்ப்பது அந்த அறத்தின் நிறைவு.

அதே துயரம் மற்றொரு பாடத்தையும் கற்றுத் தந்தது. 2005இல் வகுக்கப்பட்ட மறுவாழ்வுத் திட்டத்தின்படி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்து வீடிழந்தோர்க்கு அதற்கப்பால் புதிய வீடுகள் தர ஏற்பாடாயிற்று. உயிரைக் காக்க நினைத்த திட்டம் அது. வரைபடத்தின்மேல் குனிந்து பார்ப்பவருக்கு 200 மீட்டர் என்பது ஒரு கோடு. கட்டுமரத்தையும் வலையையும் வீட்டு வாசலிலிருந்தே கண்காணிப்பவனுக்கோ அது வேறு. விடியுமுன் எழுந்து, வாடையா கொண்டலா என்று காற்றைப் பார்த்து, நீரின் நிறத்தைப் பார்த்து, இன்று கடலுக்குப் போகலாமா என்று முடிவு செய்கிறவன் அவன். கடல் தெரியாத வீட்டில் அவனுக்குப் பாதி அறிவு இருண்டுபோகிறது. மேலிருந்து கண்டவர்கள் அலையைக் கண்டார்கள். கீழே நின்றவர்கள் வாழ்வைக் கண்டார்கள். இரண்டும் உண்மையே. இரண்டையும் சேர்த்துப் பார்க்க, ஏறியவர்கள் இறங்கி வந்து கேட்க வேண்டியிருக்கிறது. அப்படி இறங்கி வருவதில்தான் உயரத்தில் இருப்போர் பெரும்பாலும் தவறிவிடுகிறார்கள்.

விவிலியத்தில் மேலிருந்து பார்த்த வேறு இருவரும் நினைவுக்கு வருகிறார்கள். மோசே நெபோ மலையில் ஏறி, தாம் நுழையப்போவதில்லை என்று தெரிந்த நாட்டைப் பார்த்தார். தமக்கு உரிமையாகாத ஒன்றை, பிறர் வாழப்போகும் நிலமென்று மகிழ்ந்து பார்க்க முடியும் என்பதற்கு அவர் சான்று. இயேசு எருசலேமை நெருங்கி வந்து, ஒலிவ மலைச் சரிவிலிருந்து அந்நகரைப் பார்த்தபோது அழுதார் என்று லூக்கா எழுதுகிறார். அழகிய நகரின் முழுத் தோற்றம் அவர் கண்முன் இருந்தது. அந்தத் தொலைவிலும் அவர் முகங்களை மறக்கவில்லை. உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு உள்ளம் கசிகிறதா, அல்லது கைகள் நீள்கின்றனவா? அவன் பார்வை எத்தகையது என்பதை அதைக் கொண்டே சொல்லிவிடலாம்.

சியோல் நகரத்துக் குன்று

இக்கேள்வி நம் கரைக்கு மட்டும் உரியதன்று. இருங்காட்டுக்கோட்டை முதலிய இடங்களில் அமைந்த தொழிற்சாலைகளின் வாயிலாகக் கொரிய மக்கள் இன்று நமக்கு அயல்வீட்டாராகவே ஆகிவிட்டனர். அவர்களுடைய தலைநகரான சியோலின் நடுவே நம்சான் என்றொரு மலை உண்டு. மலை முழுவதும் பூங்கா. உச்சியில் 236 மீட்டர் உயரக் கோபுரம். 1980 முதல் பொதுமக்கள் அதில் ஏறி நகரைப் பார்த்து மகிழ்கின்றனர். காதலர்கள் தங்கள் பெயரெழுதிய பூட்டுகளை அங்குள்ள கம்பி வேலியில் மாட்டிச் செல்கின்றனர்.

அந்தக் கோபுரத்துக்கு அருகில், பலரும் ஒரு நொடி நின்று கடந்துபோகும் ஐந்து கல் அடுப்புகள் வரிசையாக நிற்கின்றன. சோசன் அரசர் காலத்துத் தீச்சுடர் மேடை அது. இன்றிருப்பது மீட்டெடுத்துக் கட்டிய வடிவம். நாட்டின் எல்லைகளிலிருந்து மலைக்கு மலை தீ ஏற்றி அனுப்பப்பட்ட செய்திகள் எல்லாம் கடைசியாக அந்த மலைக்கு வந்து சேர்ந்தன. பகலில் புகை, இரவில் தீ. பகைவர் தோன்றினால் இரண்டு, எல்லையை நெருங்கினால் மூன்று, எல்லையைக் கடந்தால் நான்கு, போர் தொடங்கிவிட்டால் ஐந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை இந்த ஏற்பாடு நடைமுறையில் இருந்தது.

இவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது ஐந்தாவது தீயன்று, முதல் தீ. நாட்டில் ஒன்றும் நிகழாத நாட்களிலும் ஒரு தீ ஏற்றப்பட வேண்டும். “எல்லாம் நலம்” என்பதே அதன் செய்தி. கீழே நகரத்தில் இருந்தவர்கள் அந்த ஒற்றைத் தீயைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கச் சென்றிருப்பார்கள். அதை ஏற்றியவனுக்கு நன்றி சொல்ல யாரும் மலையேறி வந்திருக்க மாட்டார்கள். ஆயினும் அந்த ஒன்று ஒரு நாள் தவறினால், மற்ற நான்கையும் நம்ப முடியாமற்போகும்.

இப்போது அந்த மலையில் மற்றொரு வழக்கம் வந்திருக்கிறது. நகரத்தின் காற்று தூய்மையாக இருக்கும் இரவுகளில் கோபுரம் நீல ஒளியில் மிளிர்கிறது. அழகுக்காகப் போட்ட விளக்கு, கீழே இருப்பவர்களுக்குத் தேவையான ஒரு செய்தியையும் சொல்லத் தொடங்கியிருக்கிறது. பார்ப்பதற்கென்று எழுப்பிய கோபுரமும் மனம் வைத்தால் அழைக்கும் விளக்காக மாற முடியும்.

பார்க்கப்படுவதில் உள்ள ஆபத்து

இங்கே ஒரு தடை எழும். “பிறர் நம்மைப் பார்ப்பதற்கான உயரமே சிறந்தது என்கிறீர்கள். தன்னைப் பிறர் பார்க்க வேண்டும் என்று விரும்புவது தற்பெருமை ஆகாதா?” சரியான தடைதான். நம் கோயில்களிலும் மண்டபங்களிலும் குழல்விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் ‘உபயம்’ என்று தொடங்கி, கொடுத்தவர் பெயரும் ஊரும் அவர் தந்தையின் பெயரும் கறுப்பு எழுத்தில் தீட்டியிருக்கும். எழுத்து கூடக் கூட வெளிச்சம் குறையும். விளக்கைக் கொடுத்தவரே வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

நற்செய்தியிலும் இரு குரல்கள் கேட்பதுபோல் தோன்றுகிறது. மலைமேல் இருக்கும் நகர் மறைந்திருக்க முடியாது, விளக்கைத் தண்டின்மேல் வைக்க வேண்டும் என்கிறார் ஆண்டவர். அதே மலைப்பொழிவில் சற்றுப் பின்னர், மக்கள் பார்க்க வேண்டும் என்று அறச்செயல் செய்யாதீர்கள் என்றும் எச்சரிக்கிறார். இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்?

இரவில் கடலிலிருந்து கலங்கரை விளக்கைப் பார்ப்பவனை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். அவன் விளக்கைப் பார்க்கிறான். அதன் அழகை வியப்பதற்காகப் பார்ப்பதில்லை. அந்த ஒளியைக் கொண்டு, தான் எங்கே இருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்கிறான். கோபுரத்தின் கல் எப்படிப்பட்டது, அதைக் கட்டியவர் யார், பொறுப்பாளர் யார் என்பன அவனுக்குத் தேவையில்லை. தன் நிலையை அறிந்து படகைத் திருப்பியதும் விளக்கை மறந்தும் போகிறான். அப்படி மறக்கப்படுவதால் விளக்குக்குக் குறைவு நேர்வதில்லை; அதன் பணி நிறைவேறிவிட்டது. நம்மைப் பார்ப்பவர் நம்மை வியந்து நின்றுவிட்டால், நாம் அவருடைய வழியை மறைத்தவர்கள். நம்மைப் பார்த்துத் தம் வழியை அறிந்து நடந்துவிட்டால், நாம் விளக்காக இருந்திருக்கிறோம். மலைப்பொழிவின் இரு சொற்களும் சொல்வது இதுவே என்று கருதுகிறேன்.

மேலும் இரண்டு செய்திகள் உண்டு. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனக்கென ஒரு மின்னல் முறை உண்டு. எத்தனை நொடிக்கு எத்தனை முறை மின்னுகிறது என்பதைக் கொண்டே இது எந்த ஊர் விளக்கு என்று மாலுமி அறிகிறான். எனவே விளக்கின் தலையாய பண்பு அதன் மாறாமையே. ஒரு நாள் மிகப் பிரகாசமாகவும் மறுநாள் வேறு விதமாகவும் எரியும் விளக்கு, விளக்கே இல்லாத இருட்டைவிடக் கொடியது; அது பாறையின்மேல் கொண்டுபோய் மோதவைக்கும். அடுத்தது, விளக்கின் அருகில் இருப்பவனுக்கு இரவில் வெளியே ஒன்றும் தெரியாது. விளக்கின் கீழ் இருள் என்பது நம் பழமொழி. தன் ஒளியால் இன்றிரவு யார் கரை சேர்ந்தார் என்பதை அவன் அறியமாட்டான். எத்தனை பேர் என்று எண்ணவும் முடியாது. பயனைக் காணாமலே பணி செய்ய வேண்டியவன் அவன்.

நம் சிறு உயரங்கள்

இல்லறத்தாராகிய நாம் மலைமேல் வாழ்வதில்லை. ஆயினும் நமக்கும் சிறு உயரங்கள் தரப்பட்டிருக்கின்றன. குடும்பத்தில் முதலில் படித்து வேலைக்குச் சென்ற அக்காளைப் பார்த்துத் தம்பி தங்கைகள் தங்கள் வாழ்வின் திசையைக் குறித்துக்கொள்கிறார்கள். சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் கோபத்தில் எப்படிப் பேசுகிறார் என்பதை நாற்பது சிறுவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பங்குப் பேரவையின் பொறுப்பாளர் கணக்கை எப்படி எழுதுகிறார் என்பதைக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஏழை ஒருவர் கவனிக்கிறார். கூலி கொடுக்கும் நாளில் முதலாளியின் முகம் எப்படி இருக்கிறது என்பதை வேலையாள் அறிவார். இவர்களில் யாரும் நம்மிடம் வந்து, “உங்களைப் பார்த்துத்தான் நான் வழியறிந்தேன்” என்று சொல்லப்போவதில்லை. வழி தவறியவர்களும், “உங்களால் தவறினேன்” என்று சொல்லப்போவதில்லை.

ஆகவே உயரத்தில் இருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. இங்கிருந்து நான் காண்பதைக் கீழே இருப்பவருக்குச் சொல்கிறேனா? இங்கிருந்து எனக்குத் தெரியாததை இறங்கிச் சென்று கேட்கிறேனா? ஒன்றும் நிகழாத நாட்களிலும் என் ஒற்றைத் தீயை ஏற்றி வைக்கிறேனா? முதற்கேள்வி அறிவைப் பற்றியது, இரண்டாவது பணிவைப் பற்றியது, மூன்றாவது நாணயத்தைப் பற்றியது. மூன்றில் மிகக் கடினமானது மூன்றாவதே. பெருந்துன்பம் வந்த நாளில் ஓடிச்சென்று உதவப் பலரால் முடிகிறது. எதுவும் நிகழாத செவ்வாய்க்கிழமை மாலையில், யாரும் பார்க்காதபோதும், நேற்றிருந்தது போலவே இன்றும் இருப்பது சிலராலேயே முடிகிறது.

மாமல்லபுரத்துக்குச் செல்வோர் கோபுரத்தில் ஏறிப் பார்த்து மகிழட்டும். கடவுள் தந்த உலகைக் கண்டு மகிழ்வது நன்றே. பொழுது சாய்ந்து வாயில் பூட்டிய பிறகுதான் அந்தக் கோபுரத்தின் உண்மையான பணி தொடங்குகிறது. அந்நேரத்தில் கடலில் படகின் முனையைத் திருப்பும் ஒருவனுக்கு, அது எத்தனை அடி உயரம் என்பது தெரியாது. வீடு எந்தப் பக்கம் என்பது தெரியும்.